மாயாற்றங்கரையில் கையெழுத்துப் போடாதவர்கள்

கோவையில் ஒரு மாணவர் வட்டத்தில் பேசப் போயிருந்தேன். தலைப்பு ஆற்றுப் பாதுகாப்பு. எனக்கு முன்னால் பேசியவர் காவிரியிலும் மாயாற்றிலும் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். பாறைமேல் வெயில் காயும் முதலை, கூட்டமாக மீன் துரத்தும் நீர்நாய்கள், மலையிடுக்கில் கூடு கட்டிய பாறு. அழகான படங்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்தாள். பவானி ஆற்றங்கரையில் ஒரு அருந்ததியர் வளவிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவள்.

"ஏனுங்க்கா, நீர்நாய்க்குச் சட்டம் இருக்குதுன்னு சொன்னாங்க. எங்க வளவுச் சனம் ஆத்துல எறங்கறதுக்குச் சட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு நேரம் இல்லை, அவசரமாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். தங்கையே, இரண்டுக்கும் சட்டம் இருக்கிறது. நீர்நாய்க்கும் இருக்கிறது, உன் வளவுக்கும் இருக்கிறது. ஆற்றைப் பங்கு போடும் அரசுகள் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதற்கும் சட்டம் இருக்கிறது. இந்த மூன்று சட்டங்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அவற்றை ஒரே தாளில் கொண்டுவருவது நம் வேலை. அதைத் தலித் இயக்கம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மேல்துறை, கீழ்துறை

என் பாட்டி ஊரில் ஆற்றுக்கு இரண்டு துறை. மேல்துறை ஊர்க்காரர்களுக்கு, கீழ்துறை நம் சனத்துக்கு. குளிக்க, துணி அலச, குடிக்க மொள்ள எல்லாமே கீழ்துறையில்தான். மேலே மாடு கழுவிய தண்ணீர், மேலே அலசிய சோப்பு நுரை, எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் எங்கள் குடத்துக்குள் நுழையும். ஆறு ஓடும் திசையிலேயே சாதி இருந்தது.

காவிரி வழக்கில் தமிழ்நாடு என்ன வாதாடியது? நாங்கள் கீழே இருக்கிறோம், அதற்காக மேலே இருப்பவன் மிச்சம் விட்டதை வாங்கிக்கொள்ளப் பிச்சைக்காரர்கள் அல்ல, எங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றை எந்த மாநிலமும் தனக்கே சொந்தம் என்று கொண்டாட முடியாது என்று சொன்னது. தமிழ்நாடே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். கூடவே ஒன்று தோன்றியது. மேல்மடை மாநிலத்தைப் பார்த்து இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்த நமக்கு, ஊரின் மேல்துறையைப் பார்த்து அதையே பேச ஏன் நாக்கு எழவில்லை? கீழே இருப்பவருக்கு உரிமை உண்டு என்றால், கீழ்துறைக்கும் உண்டு. நீர்நாய்க்கும் உண்டு. ஆற்றுக்குள் வாழ்கிற உயிரைவிடக் கீழ்மடைக்காரர் யார் இருக்கிறார்கள்?

எந்த ஆற்றைப் பற்றிப் பேசுகிறோம்

அரசு ஏட்டில் மோயாறு, நம் வாயில் மாயாறு. நீலகிரியில் பிறந்து, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே இரண்டு மாநில எல்லையாக ஓடி, ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி, தெங்குமரஹாடாவைத் தாண்டி பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. பவானியும் நீலகிரியில் தொடங்குகிறது, கேரளத்துக்குள் போய் அட்டப்பாடியைச் சுற்றிவிட்டு மறுபடி தமிழ்நாட்டுக்கு வருகிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. ஒரே நீர்த்தொகுப்பு, மூன்று மாநிலங்கள்.

மஹ்சீர் இனத்தில் முதுகு திமில்போல் உயர்ந்த ஒரு பெருமீன் இருக்கிறது. 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. உலகத்தில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் கிடையாது. 2018-ல் அது எந்தச் சிற்றினம் என்று அறிவியலாளர்கள் உறுதிசெய்தார்கள். அதே ஆண்டு அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அது இன்னும் காட்டு நிலையில் மிஞ்சியிருக்கும் இடங்களில் மாயாறு முக்கியமானது.

அந்த மீனுக்குத் தமிழ்நாட்டுக் கரை, கர்நாடகக் கரை என்று தெரியாது. மின்சாரத்துக்காக மேலே அணையைத் திறந்து மூடும்போது ஆறு ஏறி இறங்குவது மட்டும் தெரியும். தெங்குமரஹாடாவில் பரிசல் ஏறி ஆற்றைக் கடந்து பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கும் அதே ஏற்ற இறக்கம்தான் தெரியும். ஒரே தண்ணீர் இரண்டு பேரையும் ஆட்டிவைக்கிறது.

சட்டம் இல்லை என்பது பொய்

"அது மாநிலங்களுக்கிடையே உள்ள விவகாரங்க, எங்க கையில இல்லை" என்று ஒரு அலுவலகத்தில் எனக்குச் சொன்னார்கள். இந்தப் பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதை நம்பாதீர்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவதும் மேம்படுத்துவதும் ஒன்றியப் பட்டியலில் 56-ஆவது. காடும் காட்டுயிரும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆக ஆற்றுநீர் ஒருவர் கையில், ஆறு இன்னொருவர் கையில், ஆற்றில் வாழும் விலங்கு இருவர் கையிலும். இப்படிச் சிதறிக் கிடப்பதால்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

ஆனால் சேர்ந்து வேலை செய்ய வழிகளும் அதே சட்டத்தில் இருக்கின்றன. பிரிவு 252: இரண்டோ அதற்கு மேற்பட்டதோ ஆன மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால், மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் அவற்றுக்காகச் சட்டம் இயற்றலாம். 1972-ன் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமே இப்படிப் பிறந்ததுதான். 11 மாநிலங்கள் தீர்மானம் போட்டன, சட்டம் வந்தது, தமிழ்நாடு பிறகு ஏற்றுக்கொண்டது. 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் அதே வழியில் வந்தது. பிரிவு 263: மாநிலங்களுக்கிடையே மன்றம் அமைக்கலாம். 1956-ன் ஆற்று வாரியச் சட்டம்: மாநிலங்கள் கேட்டால் ஒன்றிய அரசு ஆற்றுக்கு வாரியம் அமைக்கலாம். அதன் பணிகளில் காடு வளர்ப்பும் மாசு தடுப்பும் இருக்கின்றன. கிட்டத்தட்ட 70 ஆண்டுகளாக அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம்கூட நடைமுறைக்கு வரவில்லை.

இது எதுவும் வேண்டாம் என்றாலும், இரண்டு மாநிலங்கள் நேராக உட்கார்ந்து ஒப்பந்தம் போடலாம். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று அப்படித்தான் கையெழுத்திட்டன. பொள்ளாச்சி, உடுமலை தோட்டங்களெல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் பச்சையாக இருக்கின்றன. 2024 மார்ச்சில் பந்திப்பூரில் கேரளமும் கர்நாடகமும் மனித-விலங்கு மோதலைச் சமாளிக்க ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. யானை ஆளைக் கொன்று, சனம் சாலையில் இறங்கினால், அரசுகளுக்குச் சேர்ந்து உட்காரத் தெரிகிறது. அதிகாரம் இருக்கிறது. விருப்பம்தான் இல்லை.

இந்தக் கதவைத் திறந்தவர் யார்

சுற்றுச்சூழல் பாடப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றை நாம் சொல்லியாக வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையில்தான் இருந்தன. 1943-ல் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆறு வங்காளத்துக்கும் பீகாருக்கும் பொது. இரண்டு மாகாணங்களையும் மத்திய அரசையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, 1945 ஜனவரியில் கல்கத்தாவில் தொடங்கி வரிசையாகக் கூட்டங்களை நடத்தினார். ஆற்றை மாகாண எல்லையில் வெட்டாமல் முழுப் பள்ளத்தாக்காகப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை. 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் வந்தது. இரண்டு மாகாணச் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டன, மைய அவை சட்டம் இயற்றியது. இன்றைய பிரிவு 252-க்கு முன்னோடியான 1935 சட்டத்தின் 103-ஆவது பிரிவுதான் அதற்கு வழி. பிறகு ஆற்றுநீர்த் தகராறுகளுக்கான பிரிவு 262-ஐ அரசமைப்பு அவையில் முன்மொழிந்து கொண்டுவந்தவரும் அவரே.

மகாடில் 1927 மார்ச் 20 அன்று சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியவர், பதினெட்டு ஆண்டு கழித்து ஒரு பெரும் ஆற்றுக்கே சட்டக் கூரை போட்டார். தண்ணீர்ச் சட்டம் என்றால் பொறியாளர்களின் வேலை, காட்டுயிர் என்றால் படம் எடுப்பவர்களின் பொழுதுபோக்கு, சாதி மட்டும்தான் நம் பாடம் என்று நினைக்கும் தோழர்கள் இதை யோசியுங்கள். நம் தலைவர் அப்படிப் பிரிக்கவில்லை.

அதே நேரம் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாமோதர் அணைகள் எழுந்தபோது ஆயிரக்கணக்கான ஆதிவாசிகளும் ஏழை விவசாயிகளும் நிலத்தை இழந்தார்கள். அரசுகள் ஒத்துழைத்தன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசுகள் ஒன்று சேர்வது மட்டுமே நமக்கு நல்லதாகிவிடாது. எந்தத் தாளில் என்ன எழுதிக் கையெழுத்திடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

தாளில் என்ன எழுதியிருக்கிறது

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு சொன்னது. மொத்தம் 740 டிஎம்சி. அதில் சுற்றுச்சூழலுக்கு என்று 10 டிஎம்சி ஒதுக்கியது. நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. கோடையில் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி என்று பிலிகுண்டுலு கணக்கில் வருவது இதுதான். சின்ன எண் என்றாலும் ஆற்று உயிர்களுக்குக் கிடைத்த ஒரே சட்டப்பூர்வமான குடம் இது.

அந்தக் குடத்துக்குக் காவல் யார்? 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. அதன் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். தலைவர், முழுநேர உறுப்பினர்கள் இரண்டு பேர், ஒன்றிய அரசின் நீர்வளத் துறையிலிருந்தும் வேளாண் துறையிலிருந்தும் ஆளுக்கொருவர், நான்கு அரசுகளின் நீர்வளச் செயலாளர்கள். வனத்துறைக்கு நாற்காலி இல்லை. மீனவருக்கு இல்லை. பழங்குடிக்கு இல்லை. கூலிக்காரருக்கு இல்லை. தண்ணீரை வாய்க்காலில் ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் கூடி, வாய்க்காலே இல்லாத உயிர்களின் 10 டிஎம்சியைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம் வனத்துறை. 2022 நவம்பரில் தமிழ்நாடு காவிரி தெற்கு காட்டுயிர் சரணாலயத்தை அறிவித்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர். நீர்நாய், முதலை, மென்ஓட்டு ஆமை எல்லாம் காரணமாகச் சொல்லப்பட்டன. அக்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். இரண்டு கரையிலும் சரணாலயம், நடுவில் ஓடுகிற தண்ணீருக்கு மட்டும் கூட்டுப் பாதுகாப்பு இல்லை. அதற்குள் மேக்கேதாட்டு வந்தால் 3,000 ஹெக்டேருக்கும் மேல் சரணாலயக் காடு மூழ்கும். காட்டுயிர் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள் வரும் நீரோட்டத்தையோ வெளியே போகும் நீரோட்டத்தையோ திருப்பக் கூடாது, தடுக்கக் கூடாது, கூட்டவும் கூடாது, காட்டுயிரின் நலனுக்கு என்றால் மட்டும் அனுமதி என்று சொல்கிறது. மேக்கேதாட்டைப் பற்றி நம் கட்சிகள் விடும் அறிக்கைகளில் டிஎம்சி இருக்கும், டெல்டா இருக்கும். இந்த 29-ஆவது பிரிவு எத்தனை அறிக்கையில் இருந்தது என்று தேடிப் பாருங்கள்.

பரம்பிக்குளம் இன்னும் நல்ல பாடம். கேரளத்தின் புலிகள் காப்பகத்துக்குள் தமிழ்நாடு இயக்கும் அணைகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் தண்ணீர்க் கணக்கு கறாராக இருக்கிறது. மணக்கடவில் கேரளத்துக்கு 7.25 டிஎம்சி, சோலையாற்றில் 12.3 டிஎம்சி. தசமப் புள்ளி வரை தண்ணீரை அளந்தவர்கள், அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் காடர்களை எந்தப் புள்ளியில் வைத்தார்கள்?

சர்வே நம்பர் இல்லாதவர்கள்

நொய்யலை எடுத்துக்கொள்வோம். திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத் தொட்டியாக்கியது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் சங்கம் நீதிமன்றம் போனது. 2009-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவர்தான் பணம் கட்ட வேண்டும் என்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. இது பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் வழக்கின் பெயரைக் கவனியுங்கள்: ஆயக்கட்டுதாரர். ஆயக்கட்டில் நிலம் இருப்பவர். இழப்பீடும் பாதித்த நிலத்தை அளந்துதான் போடப்பட்டது. அந்த நிலத்தில் கரும்பு வெட்டியவருக்கு, மஞ்சள் வேகவைத்தவருக்கு, ஆற்றில் மீன் பிடித்தவருக்கு சர்வே நம்பர் கிடையாது. நம்பர் இல்லை என்றால் நட்டமும் இல்லை. பட்டறை மூடியபோது வேலை போனதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். ஆறு கெட்டபோதும் இழந்தார்கள், ஆற்றைக் காப்பாற்றியபோதும் இழந்தார்கள்.

இனி தெங்குமரஹாடா. 1948-ல் உணவு உற்பத்தியைப் பெருக்க என்று அரசே காட்டு நிலத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்து உருவான ஊர். இன்று சுற்றிலும் புலிகள் காப்பகம். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 495 குடும்பங்களை வெளியே குடியமர்த்த, குடும்பத்துக்கு 15 லட்சம் என 74.25 கோடி ரூபாயைத் தருமாறு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. போக விரும்புகிறவர்கள் இருக்கலாம். அது அவர்கள் உரிமை, அதை மறுக்க நான் யார்? என் கேள்வி போகும் முன் உள்ள வரிசையைப் பற்றியது. 2006-ன் வன உரிமைச் சட்டம் முதலில் உரிமையை அங்கீகரி, பிறகு கிராம சபையின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தை வாங்கு, அதற்குப் பிறகு இடமாற்றத்தைப் பேசு என்கிறது. அதே சட்டம் பழங்குடி அல்லாதவர்களிடம் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. 1930-ஐ நிரூபிக்க வேண்டும். 1948-ல் அரசே உருவாக்கிய ஊருக்குக் கூலிக்கு வந்த ஒரு தலித் குடும்பம் 1930-ஐ எங்கே போய்த் தேடும்? எழுத்து மறுக்கப்பட்ட சனத்திடம் எழுத்து கேட்கிற சட்டம் இது.

இதனால்தான் சொல்கிறேன்: அரசுகளின் ஒத்துழைப்பு நம் பெயர் இல்லாத தாளில் நடந்தால் அது ஒப்பந்தம் போட்டு வெளியேற்றுவதாகத்தான் முடியும்.

எதிர்க்கேள்விகள் மூன்று

முதல் கேள்வி நம் தோழர்களிடமிருந்து. "மலக்குழியில் ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், உனக்கு நீர்நாய் கேட்குதா?" கேட்கிறது, தோழர். மலக்குழிக் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது? நொய்யலில். ஆற்றைச் சாக்கடையாக்கும் மனசும், மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கும் மனசும் ஒன்றுதான். அழுக்கு கீழே இருப்பவனுக்கு என்கிற மனசு. நீர்நாய் வாழும் ஆற்றில் கீழ்துறைக்காரியும் தண்ணீர் மொள்ளலாம். நீர்நாய் செத்த ஆற்றில் ஊர்க்காரன் ஆழ்குழாய் போடுவான், தண்ணீர் லாரி வாங்குவான், சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டுவான். நாம் என்ன செய்வோம்?

இரண்டாவது கேள்வி காட்டுயிர் ஆர்வலர்களிடமிருந்து. "மக்களை உள்ளே விட்டால் விலங்கு மிஞ்சாது." மாயாற்றின் நீரை நிறுத்துவது யார்? அணைகள். காவிரியில் மணலை அள்ளியது யார்? பரிசல்காரரா? ஆற்றைக் கொன்றவர்களின் பெயர்கள் கோப்புகளில் இருக்கின்றன. அதில் தூண்டிலும் பரிசலும் எத்தனாவது இடத்தில் வருகின்றன என்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றை 2017-ல் சட்டப்படி ஒரு ஆளாகவே அங்கீகரித்தார்கள். அதன் சார்பில் பேச இரண்டு காப்பாளர்கள், ஒருவர் அரசு தரப்பில், ஒருவர் மாவோரி மக்கள் தரப்பில். ஆற்றைக் காப்பாற்ற மக்களை விரட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவில் பிளாட் ஆற்றில் கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா மூன்று மாநிலங்களும் 1997-ல் ஒப்பந்தம் போட்டு 2007-ல் திட்டத்தைத் தொடங்கின. கொக்கு ஒன்றும், கரையில் முட்டையிடும் சின்னப் பறவைகள் இரண்டும், மீன் ஒன்றும் வாழ எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிலம் என்று எழுதி, பாசனக்காரர்களையும் சூழல் அமைப்புகளையும் ஒரே குழுவில் உட்கார வைத்தார்கள். ஒரு கொக்குக்காக மூன்று மாநிலம் உட்கார முடியும் என்றால் ஒரு மீனுக்காகவும் ஒரு வளவுக்காகவும் நம் மூன்று மாநிலம் உட்கார முடியாதா?

மூன்றாவது கேள்வி மாநில உரிமைத் தோழர்களிடமிருந்து. "கூட்டுச் சட்டம் என்றால் டில்லி உள்ளே நுழையும்." நியாயமான பயம். 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு எதிர்த்ததில் அந்தப் பயம் இருந்தது. பிரிவு 252-லும் ஒரு சிக்கல் உண்டு: அந்த வழியில் சட்டம் வந்துவிட்டால் மாநிலச் சட்டமன்றம் தானாக அதைத் திருத்த முடியாது. ஆகவே என் கோரிக்கை முதலில் மாநிலங்கள் நேரடியாகப் போடும் ஒப்பந்தம்தான். மூன்று சட்டமன்றங்களிலும் வைத்து விவாதித்த ஒப்பந்தம். டில்லியிடம் கொடுக்காமல் நாமே செய்துகாட்டினால் அதுவே மாநில சுயாட்சி. ஒன்றும் செய்யாமல் கிடந்தால் டில்லி தானாக வரும்.

அந்தத் தாளில் இவை வேண்டும்

மாயாறு-பவானி-காவிரி ஆற்று உயிர்களுக்கு மூன்று மாநில ஒப்பந்தம் வேண்டும். எந்த இடத்தில், எந்த மாதத்தில், குறைந்தது எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். ஏற்கெனவே தீர்ப்பில் உள்ள 10 டிஎம்சி உண்மையில் ஆற்றில் ஓடுகிறதா என்று மாதந்தோறும் கணக்கு வெளியிட வேண்டும்.

காவிரி ஆணையத்தில் வனத்துறைக்கு ஒரு நாற்காலி, ஆற்றங்கரையின் நிலமற்ற தலித், பழங்குடி, மீனவர் தரப்புக்கு ஒரு நாற்காலி. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் வந்தால் ஏற்கக் கூடாது.

வன உரிமைக் கோரிக்கைகள் முடியாமல் எந்த இடமாற்றமும் கூடாது. அந்தச் சட்டத்தின் 3(1)(டி) பிரிவு மீனுக்கும் நீர்நிலைப் பொருளுக்கும் சமூக உரிமை தருகிறது. அதை ஆற்றோர ஊர்கள் கேட்டு வாங்க வேண்டும். 75 ஆண்டுச் சான்று என்னும் தடையைத் தலித்துகளுக்குத் தளர்த்தச் சட்டத் திருத்தம் வேண்டும்.

கடைசியாக, அந்தத் தங்கை கேட்ட சட்டம். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015-ல் திருத்தியபடி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிலத்திலும் நீரிலும் வன உரிமையிலும் தலையிடுவது குற்றம், பிரிவு 3(1)(ஜி). அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது குற்றம், 3(1)(எக்ஸ்). ஆறு, ஓடை, கிணறு, குளம், குளிக்கும் துறை எதையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தத் தடுப்பது குற்றம், 3(1)(இசட்ஏ). அதற்கும் மேலே அரசமைப்பின் பிரிவு 15(2): கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆற்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இந்தப் பிரிவுகள் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, மூன்று வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் ஆற்றுக்கு நடந்து போங்கள். எத்தனை துறை, எது யாருக்கு, கழிவுக் குழாய் எந்தத் துறைக்கு மேலே திறக்கிறது என்று வரைபடம் போடுங்கள். அடுத்து, காவிரி ஆணையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: பிப்ரவரி முதல் மே வரை சுற்றுச்சூழல் நீர் எத்தனை டிஎம்சி விடப்பட்டது, ஆண்டு வாரியாக. மூன்றாவது, கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். "ஆத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். கீழ்துறையில் நின்றவர்களுக்கு ஆற்றைப் பற்றித் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். மேலே என்ன நடந்தாலும் அது நம் குடத்தில்தான் வந்து விழுந்திருக்கிறது.

தங்கையே, உன் கேள்விக்குச் சிரித்தவர்களிடம் இதைக் காட்டு. அடுத்த கூட்டத்தில் நீர்நாய்ப் படத்துக்குப் பக்கத்தில் உன் வளவுத் துறையின் படத்தையும் நாமே திரையில் போடுவோம்.

ஜெய் பீம்.